வட்டியில் ஐந்தில் ஒன்று

என் தங்கையின் கணவர் எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூற்று எண்பத்தொன்பதும் மூன்று காசும். பெரிய தொகை என்று நான் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்கள் நல்லதாக ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினால் தீர்ந்துபோகிற பணம்தான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருந்தால் அது நேராக நிற்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். முப்பது வருஷம் மூட்டை அடுக்கியவன் வேறு எப்படி நினைப்பான்.

ஐயா, நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம். நானே எழுதுகிறேன். நாற்பத்தொன்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன், கொஞ்சம் நேரமாகும். நடுநடுவே எழுந்து நடப்பேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு வருஷமாக எனக்கு ஓரிடத்தில் உட்கார வருவதில்லை. இந்த அறை அகலத்தில் ஏழு அடி, நீளத்தில் பதினொன்று. வந்தவுடனே அளந்துவிட்டேன்.

நான் சிமெண்டுக் கிடங்கில் சுமை வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், லாரியில் மூட்டை ஏற்றுகிற பெல்ட் என் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கிடங்கில் எனக்குப் பெயர் ‘எட்டு’. முதலாளி நஷ்டஈடாக மூன்று லட்சம் கொடுத்தார். ஒரு விரலுக்கு ஒன்றரை லட்சம், இன்னும் எட்டு வைத்திருக்கிறானே, பணக்காரன்தான் என்று உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. ஒரு அறை வாங்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக் கூடிய அறை. இருபத்திரண்டு வருஷமாக நான் கிடங்குக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் பதினாறு பேரோடு படுக்கிறேன். மேற்குப் பக்கம் ரயில் பாதைக்கு அருகில் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு அறை விலைக்கு வந்தது. மூன்றேகால் லட்சம் கேட்டார்கள். ஒரு வருஷ வட்டி சேர்ந்தால் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதலாளி பணத்தைக் கையில் தர மாட்டார், வங்கிக் கணக்கில்தான் போடுவார். எனக்குக் கணக்கு இல்லை. அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையைக் கட்டியவர். அதே கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். முப்பத்து நாலு வயது. காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார், கையில் எப்போதும் போன். எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. அவர்தான் போனிலேயே எனக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். மற்ற வங்கிகளைவிட வட்டி அதிகம், நூற்றுக்கு ஏழு, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கணக்கிலேயே சேர்ந்துவிடும் என்றார். வங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை மச்சான், போனுக்குள்ளதான் இருக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

அது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. கட்டடம் என்று ஒன்று இருந்தால், வேலை இல்லாத நாளில் எதிர்ப்பக்கம் போய் நின்று, என் பணம் இதற்குள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். இது அப்படி இல்லை. என் பணம் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது.

தொடங்கும்போதே வரி எண் கேட்டது. என்னிடம் இல்லை. அது இல்லாமல் போனால் வட்டியில் கூடுதலாகப் பிடிப்பார்கள், ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வாங்கித் தருகிறேன் என்றார் மாப்பிள்ளை. நான் பார்க்கலாம் என்றேன். கையெழுத்து விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. எங்களுக்கு முன்பிருந்த மேஸ்திரி ஒரு தாளில் எங்கள் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி, சேமநல நிதி என்று சொல்லி, பதினோரு வருஷம் கூலியில் பிடித்தான். அவன் செத்த பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒரு நிதியே கிடையாது. அவன் வீட்டு மாடிதான் இருந்தது. நானே அதற்குச் சிமெண்டு சுமந்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு ஒரு தெளிவு வந்தது. பிடித்தம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். அந்தக் கைக்கு ஒரு முகம் இருக்கும். எங்கள் வேலையில் அது பொய்த்ததே இல்லை.

முதல் மூன்று மாசம் முடிந்ததும் மாப்பிள்ளை போனைப் பார்த்து, வட்டி ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது வந்திருக்கிறது என்று வாசித்தார். எண்கள் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மனசிலேயே கூட்டிப் பார்த்தேன். மூன்று லட்சத்து ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. அன்று முழுக்க அந்த எண்ணை நாக்கில் வைத்துக்கொண்டே மூட்டை சுமந்தேன். மறுநாள் நானே ஒரு போன் வாங்கி, அந்தக் கடைக்காரரையே என் கணக்கைப் போட்டுத் தரச் சொன்னேன். இருப்பு மூன்று லட்சத்து நாலாயிரத்து இருநூறு என்று காட்டியது. ஆயிரத்து ஐம்பதைக் காணோம். ஐந்தில் ஒன்று. ஐந்து மூட்டை இறக்கி எண்ணும்போது ஒரு மூட்டை குறைந்தால், ஐயா, நாங்கள் முதலில் லாரிக்காரரைத்தான் பார்ப்போம்.

மாப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று சாக்பீஸைக் கூராக்கிக்கொண்டிருந்தார்.

“அது வரி மச்சான். வட்டிக்கு வரி புடிக்கிறாங்க.”

“யாரு புடிக்கிறது?”

“பேங்க்காரன் புடிச்சு கவர்மெண்டுக்குக் கட்டிருவான்.”

“நேத்து வட்டியை வாசிச்சீங்க. இதை வாசிக்கலையே.”

“நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதுல போயி மண்ணள்ளிப் போடணுமான்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு சிரித்தார். “பயப்படாதீங்க. உங்க ஆயிரத்து அம்பதுல நான் ஒண்ணும் மாடி கட்டிர மாட்டேன்.”

மாடி என்ற சொல்லை அவர் ஏன் சொன்னார் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். மேஸ்திரியின் கதை அவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்துதான் இந்த நடை தொடங்கியது. பேருந்தில் உட்கார்ந்தால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை போனைத் திறந்து இருப்பைப் பார்ப்பேன். அது அப்படியே இருக்கும். அப்படியே இருப்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

சங்க அறையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். டீச்சருக்கு என் வயதில் பாதி. நல்ல பொறுமை. எட்டு மாசத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. மற்றவர்கள் பேருந்துப் பலகை வாசிப்பதற்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவதற்கும் கற்றார்கள். நான் என் கணக்கு அறிக்கையை வாசிப்பதற்குக் கற்றேன். நூற்றுக்கு ஏழு என்றால் என்ன, மூன்று மாசத்துக்கு எவ்வளவு, வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று டீச்சரைத் துருவித் துருவிக் கேட்டேன். அவர் ஒரு நாள், “எந்தத் தாளைப் பார்த்துட்டு இவ்வளவும் கேக்கறீங்க? அதையே கொண்டு வாங்கய்யா, சேர்ந்து பார்ப்போம்” என்றார். நான் கொண்டு போகவில்லை. என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிவதில் எனக்கு விருப்பமில்லை. தெரிந்த ஒருவரே போதாதா.

கடைசியில் நானே வாசித்தேன். ஒரு வரியில் ‘வட்டி வரவு’ என்றிருந்தது. அதற்கு அடுத்த வரியில் ‘வரிப் பிடித்தம்’ என்றிருந்தது. எழுத்தெழுத்தாக வாசித்தேன், தவறு இல்லை. மாப்பிள்ளை சொன்னதும் அதுதான். வேறொருவனாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். நான் யோசித்தேன். மேஸ்திரி கொடுத்த சீட்டிலும் ‘சேமநல நிதி’ என்று அச்சடித்துத்தான் இருந்ததாம். அச்சில் இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடுமா. கணக்கைத் திறந்தவர் அவர், ரகசிய எண் போட்டவர் அவர், பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே சொன்னவரும் அவர். நடக்கப்போவது முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் தங்கை வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. போய்ப் பார்த்தேன். வெள்ளையாக, ஓரத்தில் நீலக் கோடு போட்டது. நாலு வயசு மருமகள் அதன் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலை எவ்வளவு என்று கேட்டேன். தங்கை சரியாகச் சொல்லவில்லை, எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த விண்ணப்பத்தை மாப்பிள்ளை இன்னும் இரண்டு தடவை கொண்டு வந்தார். இரண்டாவது தடவை கொட்டகைக்கே வந்து, என் படுக்கையில் உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.

“ஒரு கையெழுத்து மச்சான். இதைப் போட்டா இதுவரைக்கும் புடிச்சதையும் சேர்த்துத் திருப்பி வாங்கிரலாம். உங்க வருமானத்துக்கு வரியே கிடையாது.”

“கொடுக்கிறவன் எதுக்கு முதல்ல புடிக்கிறான்?”

“அது அப்படித்தான்.”

“என் கையெழுத்து மேல உங்களுக்கு என்ன இவ்வளவு ஆசை?”

பக்கத்துப் படுக்கைக்காரர் படுத்தபடியே, எட்டு இப்போது படித்த ஆள், வக்கீல் வைத்துத்தான் பேசுவார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரி, மனசு வரும்போது சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வரவில்லை. நியாயமானவனுக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

நாலாவது மூன்று மாசமும் முடிந்தது. நாலு பிடித்தத்தையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். தொகையை மேலே எழுதியிருக்கிறேன். அந்த வாரமே ரயில் பாதைப் பக்கத்து அறையை வேறொருவர் வாங்கிவிட்டார். என்னிடம் எட்டாயிரம்போலக் குறைந்தது. அதில் பாதி மாப்பிள்ளையிடம் இருந்தது என்று வைத்துக்கொண்டேன். மீதிப் பாதியை எங்காவது கடன் வாங்கியிருப்பேன்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் அதுதான் தப்பாக இருக்கிறது.

மூட்டை அடுக்கும்போது ஒரு வரிசையை நீளவாட்டில் வைத்தால் அதன்மேல் வரிசையைக் குறுக்குவாட்டில் வைப்போம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதற்குக் கட்டு என்று சொல்வோம். கட்டு மாற்றி வைத்த அடுக்கு, பக்கத்தில் லாரி மோதினாலும் நிற்கும். கட்டு இல்லாமல் ஒரே வாட்டில் வைத்தால், பார்வைக்கு அது இன்னும் நேராக, அழகாகத்தான் இருக்கும். வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஏழாவது அடுக்கின் ஓரத்தை நான் தனியாகக் கட்டினேன். பதினெட்டு மூட்டை உயரம். எல்லாம் ஒரே வாட்டில். ஒவ்வொன்றையும் கீழே உள்ளதைவிட அரை விரல் அளவு நடைவழிப் பக்கம் தள்ளி வைத்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வழி மூன்றடிதான். சனிக்கிழமை இருப்பு எண்ணுகிற நாள். மாப்பிள்ளை அந்த வழியாக எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு அடுக்கிலும் சாக்பீஸால் எழுதுவார். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் எண்ணுவதுதான் அவர் வழக்கம், இடைஞ்சல் இருக்காது என்று.

நான் பின்பக்கம் கடப்பாரையோடு நின்றேன். அவர் சத்தமாக எண்ணுவது கேட்டது. என் கால் தெரிந்திருக்க வேண்டும்.

“மச்சான், சாப்பிடப் போகலையா?”

“இதோ போறேன்” என்றேன்.

அவர் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். பதினாலு வரைக்கும் எண்ணினார். நாலாவது மூட்டைக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து ஒரு நெம்பு. அவ்வளவுதான். இரண்டாவது நெம்பு தேவைப்படவில்லை. புழுதி அடங்க ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும், அதுவரைக்கும் நிற்கவில்லை. கடப்பாரையை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். அத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் ஓரிடத்தில் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டேன். ஆட்கள் கூப்பிட வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து ஓடினேன். மூட்டைகளை அகற்றுவதில் எல்லோரையும்விட நான்தான் வேகம். எட்டு விரலோடு.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். ‘மூட்டைகள் முறையாக அடுக்கப்படாததால் தற்செயலாகச் சரிந்தன’ என்று எழுதினீர்கள். அதை வைத்து இப்போதைய மேஸ்திரியைக் கூலி இல்லாமல் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஐயா, என் அடுக்கு தற்செயலாகச் சரியாது. முப்பது வருஷத்தில் ஒன்றுகூடச் சரிந்ததில்லை. அது எப்போது, எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று வைத்தேனோ அப்போது, அந்தப் பக்கம் சரிந்தது. மேஸ்திரியைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு இதில் சம்பந்தமில்லை.

பத்து நாள் கழித்துத் தங்கை என்னைக் கூப்பிட்டாள். கிடங்கிலிருந்து மாப்பிள்ளையின் மேசை இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு உறையின்மேல் ‘மச்சான்’ என்று எழுதியிருந்தது. உள்ளே வங்கி கொடுத்த சான்று நாலு, மூன்று மாசத்துக்கு ஒன்றாக. பிடித்த தொகை, கட்டிய தேதி, அரசாங்கத்தின் ரசீது எண், எல்லாம் இருந்தது. அவற்றோடு வரி எண் விண்ணப்பமும், பிடித்ததைத் திருப்பிக் கேட்கும் படிவமும். இரண்டையும் அவர் கையால் முழுக்க நிரப்பியிருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

“ஒரு வருஷமா உங்க பின்னாடியே சுத்தினாரு அண்ணா” என்றாள் தங்கை. “ஒரு வார்த்தை நீங்க சரின்னு சொல்லியிருக்கலாம்ல. மனசு கஷ்டப்பட்டாரு.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அந்தத் தாள்களை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. எட்டு மாசம் கற்றது வீண்போகவில்லை. தொகையைக் கூட்டிப் பார்த்தேன். நான் கூட்டியதும் அதுவும் காசு பிசகாமல் ஒன்றாக இருந்தது. கூட்டலில் நான் தவறு செய்யவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

பென்சில் குறி போட்ட இரண்டு இடத்திலும் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அவளிடம் பேனா இல்லை. அவருடைய பேனாதான் இருந்தது.

அந்தச் சலவை இயந்திரம் தவணையில் வாங்கியதாம். இன்னும் ஏழு தவணை பாக்கி. தங்கை இரண்டு தவணைக்குப் பணம் கேட்டாள். கொடுத்தேன். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அன்றே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கலாம். ஆனால் கணக்கு நேராகவில்லை. பாதிக் கணக்கோடு வந்து நிற்பது எனக்குப் பழக்கமில்லை. வரி எண் வர மூன்று வாரம், திருப்பிக் கேட்டதற்குப் பதில் வர இரண்டு மாசம். அதுவரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். போனை முப்பது தடவை திறந்ததை ஐம்பது தடவை திறந்தேன்.

மாப்பிள்ளையைப் பற்றி யோசிக்காமலும் இல்லை. அவர் எடுக்கவில்லை என்பது தாளில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கணக்கைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். முதல் நாளே அந்த இரண்டாவது வரியையும் வாசித்திருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். சிரிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சான்றுகளை உறையில் போட்டு வைப்பதற்குப் பதிலாக என் கையில் கொடுத்திருந்தால், அப்போது எனக்கு வாசிக்கவும் தெரிந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், ஐயா, இதில் அதிகக் கவனக்குறைவு அவருடையதுதான். அந்தப் பொறுப்பை இறந்தவர்மேல் சுமத்த வேண்டாம் என்றுதான் நானே வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பணம் வந்துவிட்டது. ‘வரி திரும்பச் செலுத்தியது’ என்று ஒரே வரி. நாலாயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது. சில்லறையை விட்டுவிட்டு முழு எண்ணாகத்தான் தருவார்களாம், விதி அப்படி என்று டீச்சர் சொன்னார். இந்தத் தடவை முழுத் தாளையும் அவரிடம் காட்டினேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது.

எழுதி முடித்தாயிற்று. கீழே என் கையெழுத்து இருக்கிறது, கைநாட்டு இல்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போய்விடக் கூடாது. மாப்பிள்ளை பேரில் இன்னும் மூன்று காசு நிற்கிறது. அதை நான் தள்ளுபடி செய்துவிட்டேன்.